விதைநெல்லும் விசித்திரவீரியனும்

மகாபாரதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை ஏற்படுவதுண்டு. அத்தனை பேர் பேசுகிற அந்தப் பெருங்கதையில் விசித்திரவீரியன் மட்டும் வாய் திறப்பதில்லை. அவனுக்காக அண்ணன் பீஷ்மர் காசிக்குப் போய்ப் பெண் கொண்டு வருகிறார். அம்பிகை, அம்பாலிகை என்ற இருவரை மணந்து ஏழு ஆண்டு வாழ்கிறான். பிறகு க்ஷயரோகம் வந்து செத்துப் போகிறான். பிள்ளை இல்லை. கதை அவனைத் தாண்டிக்கொண்டு ஓடுகிறது. அவனுக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: விசித்திரமான வீரியம் உடையவன்! வியாசர் வேண்டுமென்றே குத்திக் காட்டினாரோ என்னவோ.

அவன் செத்த பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. தாய் சத்தியவதி பேசுகிறாள். வம்சம் அற்றுப் போகக் கூடாது என்கிறாள். பீஷ்மரைக் கேட்கிறாள்; அவர் விரதத்தைச் சொல்லி மறுக்கிறார். பின் கன்னிப் பருவத்தில் பெற்ற பிள்ளையான வியாசரையே அழைக்கிறாள். அம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள், அம்பாலிகை வெளிறிப் போனாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த இரண்டு பெண்களை யாராவது கேட்டார்களா என்று இக்காலத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள், நியாயந்தான். ஆனால் படுக்கையில் கிடந்தபோது அந்த ராஜகுமாரனை யாராவது கேட்டார்களா? 'அப்பா, உனக்குப் பிள்ளை வேண்டுமா? நீ போன பிறகும் வேண்டுமா?' என்று ஒருவரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம், 2024 அக்டோபர் 4ஆம் தேதி டில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங் அளித்த ஒரு தீர்ப்பு. தீர்ப்புகளை இலக்கியமாகப் படிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஆனால் இதை நான் ஒரு கதையாகத்தான் படித்தேன். கதைச்சுருக்கம் இதுதான்: திருமணமாகாத ஓர் இளைஞருக்கு நிணநீர்ச் சுரப்பிகளில் புற்றுநோய். 2020 ஜூன் மாதம் மருந்துச் சிகிச்சை தொடங்குமுன், இந்த மருந்து பிள்ளை பெறும் சக்தியைப் போக்கிவிடலாம் என்று வைத்தியர்கள் எச்சரித்ததன் பேரில், அவர் டில்லி கங்காராம் ஆஸ்பத்திரியில் தம் விந்தை உறையவைத்துச் சேமிக்கக் கொடுக்கிறார். செப்டம்பர் மாதம் இறந்துபோகிறார். பெற்றோர் போய்க் கேட்கிறார்கள். மனைவி கேட்டால் கொடுக்கலாம், தாய் தகப்பன் கேட்டால் கொடுக்க விதி ஏதும் இல்லை, கோர்ட்டு உத்தரவு கொண்டுவாருங்கள் என்கிறது ஆஸ்பத்திரி. நான்கு ஆண்டுக்காலம் போராடி உத்தரவு பெறுகிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு நாங்களும் பொறுப்பு என்று இறந்தவருடைய சகோதரிகளும் வாக்குக் கொடுக்கிறார்கள்.

சத்தியவதி மறுபடியும் வந்துவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. யுகம் மாறியிருக்கிறது, பீஷ்மருடைய இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகம், வியாசருடைய இடத்தில் திரவ நைட்ரஜன் நிரம்பிய ஒரு ஜாடி. ஆனால் இன்னும் கொஞ்சம் ஊன்றிப் படித்தால், வியாசர் செய்யாத ஒன்றை இந்த நீதிபதி செய்திருப்பது தெரிகிறது. அவர் செத்தவனைத் தேடிக்கொண்டு போகிறார். அந்த இளைஞர் ஆஸ்பத்திரியில் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இவர் என்ன நினைத்து இதைக் கொடுத்தார் என்று கேட்கிறார். கல்யாணம் ஆகவில்லை, துணை என்று யாரும் இல்லை, இருந்தும் பிள்ளைக்காகவே சேமித்தார், ஆகவே சம்மதம் உண்டு என்ற முடிவுக்கு வருகிறார். சம்மதம் விளங்கினால், இறந்த பிறகு பிள்ளை உண்டாக்குவதை இந்நாட்டுச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை, விந்தும் இறந்தவருடைய சொத்தில் சேரும், பெற்றோர் வாரிசுகள், பேரக்குழந்தைகளைத் தாத்தா பாட்டி வளர்ப்பது இங்கே புதிதும் அல்ல. வியாபாரத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

மனிதத் தன்மையுள்ள தீர்ப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஓர் இடத்தில் முள் தைக்கிறது. அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டவன் சாகப்போகிறவனாகவா கையெழுத்திட்டான்? பிழைக்கப்போகிறவனாக அல்லவா இட்டான்! விந்தைச் சேமிக்கிற ஒவ்வொருவனும், 'நான் பிழைத்து வருவேன், கல்யாணம் செய்துகொள்வேன், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்வேன்' என்று எண்ணியே செய்கிறான். அது உயிலன்று. அவன் நம்பிக்கையை உயிலாகப் படிப்பது சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம். நாவலாசிரியன் அதோடு விட்டுவிட முடியாது.

குமராட்சியில் டீக்கடைப் பெஞ்சில் இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிறிதும் வியக்கவில்லை. "வெதநெல்லுதான் தம்பி. ஆத்துல வெள்ளம் வந்து நாத்த அடிச்சிக்கிட்டுப் போயிட்டா, மறுபடியும் தெளிக்க வெத வேணுமில்ல?" என்றார். கொள்ளிடக்கரையில் பயிரிடுகிறவருக்கு இதைக் காட்டிலும் இயல்பான உவமை வேறு கிடைக்காது. சம்பா நாற்று மூழ்கி அழுகுவதும், மறுபடி விதைக்க நெல் தேடி அலைவதும் இந்த வட்டாரம் கண்டறியாத சங்கதியல்ல. வீட்டில் உலை கொதிக்காவிட்டாலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்பது இங்கே சொல்லித் தர வேண்டிய பாடமா?

உவமை அழகாகத்தான் இருக்கிறது. விஞ்ஞானமும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. 1949ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், கிளிசரினைச் சேர்த்து உறையவைத்தால் விந்தணு சாகாமல் பிழைக்கும் என்று கண்டார்கள். அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையில் பஞ்ச், ஷெர்மன் என்ற இருவர், உறைந்த விந்தைக் கொண்டு மனிதக் கரு உண்டாக்கிய செய்தியை 1953ல் வெளியிட்டார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வைத்தால் காலம் நின்றுவிடுகிறது. 1992ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தார், ஒரே ஒரு விந்தணுவை ஊசிமுனையால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் வித்தையைக் கண்டுபிடித்தபின், சேமித்தது துளியளவாக இருந்தாலும் போதும் என்றாயிற்று. மரக்கால் கணக்கு மணிக் கணக்காகிவிட்டது.

இருந்தாலும் இந்த உவமையை நான் நம்ப மாட்டேன். விதைநெல்லைக் குதிரில் போட்டவனே தை கழிந்து ஆடி வந்ததும் தன் கையால் தெளிக்கிறான். அவன் போய்விட்டால்? அதைவிட முக்கியம், விதை என்றவுடன் வயல் என்று ஒன்று வந்து சேருகிறது. நம் தர்மசாஸ்திரம் வெட்கமில்லாமல் அப்படித்தான் பேசிற்று. பெண்ணை க்ஷேத்திரம் என்றது, மற்றவன் மூலம் மனைவி பெற்ற பிள்ளையை க்ஷேத்ரஜன் என்றது. வயலைக் கேட்டா விதைக்கிறார்கள்? அம்பாலிகை ஏன் வெளிறினாள் என்பதற்குச் சாஸ்திரத்தில் பதில் கிடையாது. டில்லிக் கதையிலும், எங்கோ ஒரு பெண் பத்து மாதம் சுமக்க வேண்டும். அவள் முகம் தீர்ப்பில் தெரியவில்லை. அது தீர்ப்பின் குறையன்று. வழக்கு அவளைப் பற்றியதல்ல. கதாசிரியன் எழுதப் புகுந்தால் அவளை விட்டுவிட்டு எழுத முடியாது.

நம் பாஷையும் இந்த விஷயத்தில் நமக்கு உதவி செய்வதில்லை. மலடி என்ற சொல் தெருவெல்லாம் கிடக்கிறது. மலடன் என்பது அகராதியில் இருக்கிறது. யார் வாயிலும் வருவதில்லை. அதற்குப் பதில் 'ஆண்மையில்லாதவன்' என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. புற்றுநோய் மருந்துகளில் சில, விந்தணுவைப் பிறப்பிக்கும் மூல அணுக்களை அழிக்கின்றன. விரைந்து பெருகும் உயிரணுக்களைக் கொல்லுவது அம்மருந்தின் தொழில். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. ஆனால் ஆண் சுரப்பு நீரை உண்டாக்குகிற அணுக்கள் வேறு ஜாதி. அவை பெரும்பாலும் தாக்குப் பிடிக்கின்றன. மீசை போகாது, குரல் மாறாது, இச்சையும் பெரும்பாலோருக்கு மீளும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். சிலருக்குச் சிகிச்சை முடிந்து ஓரிரண்டு ஆண்டில் அந்த உற்பத்தி மறுபடி தொடங்குகிறது. சிலருக்குத் தொடங்குவதே இல்லை. இன்னாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் ஆகாது. இவ்வளவையும் ஓர் இளைஞனுக்கு நம் தமிழில் விளக்கப் புகும் வைத்தியர் என்ன சொல்வார்? 'ஆண்மை' என்ற சொல்லைத் தவிர்க்க அவர் எவ்வளவு பாடுபட வேண்டும்! கேட்கிறவன் காதில் அந்தச் சொல் ஒன்றுதான் விழும். மூலை முடுக்குகளில் எல்லாம் சுவரில் எழுதி வைத்திருக்கும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரம் அவனுக்கு ஏற்கெனவே அகராதி தயாரித்துக் கொடுத்திருக்கிறது.

நம் நாவல்களுக்கு வருவோம். தி. ஜானகிராமனின் கடைசி நாவலான 'நளபாக'த்தில் ரங்கமணி என்ற ஓர் அம்மாள் வருகிறாள். சுவீகாரப் பிள்ளை துரை, மருமகள் பங்கஜம், குழந்தையில்லை. யாத்திரை ரயிலில் சமையல் செய்கிற காமேச்வரனைக் கண்டதும், தேஜஸ் நிறைந்த இந்த மனிதனைத் தன் வீட்டோடு அழைத்துக்கொண்டு போகிறாள். மனசின் ஒரு மூலையில் அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லாமலே சொல்லியிருப்பதில் ஜானகிராமனுடைய சாமர்த்தியம் முழுவதும் தெரிகிறது. சத்தியவதியைக் காவிரிக்கரைப் பிராமண வீட்டுச் சமையலறையில் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார். ரங்கமணியின் தவிப்பை அவர் எழுதியிருக்கிற நயத்துக்கு ஈடு கிடையாது. காமேச்வரனோ, உபாசகன், அழகன், சமையல் மன்னன். அவனைப் பற்றி எழுதும்போது ஜானகிராமனுக்குப் பேனாவே மணக்கிறது. துரை? அவன்தான் விசித்திரவீரியன். தன் ஜாதகத்தைப் பற்றித் தன் வீட்டிலே நடக்கிற பேச்சுக்கு அவன் உள்ளத்தில் என்ன பதில் இருந்தது என்று அறிய நாம் ஏங்குகிறோம். ஜானகிராமன் அந்தக் கதவை லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பெண் மனத்தில் இவ்வளவு தூரம் நுழைந்த ஆசிரியர் இந்த ஆண் மனத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாரே என்பது அந்த நாவலின் மேல் எனக்குள்ள ஒரே தாங்கல்.

பெருமாள்முருகன் அந்தக் கதவைத் திறந்தார். 2010ல் வெளிவந்த 'மாதொருபாகன்' பற்றிப் பின்னால் எழுந்த கூச்சலும், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்ததும், 2016ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் எல்லோருக்கும் தெரியும். கூச்சலுக்கு நடுவில், காளி என்ற அந்த ஆணை எவ்வளவு அருமையாக எழுதியிருக்கிறார் என்பதைப் பலர் கவனிக்கத் தவறிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் குழந்தையில்லாத குடியானவன். ஊர் பேசுகிறது. சொந்தக்காரர்கள் இரண்டாம் கல்யாணத்துக்குத் தூண்டுகிறார்கள். இன்னொருத்தியைக் கட்டி, அவளுக்கும் பிள்ளை இல்லையென்றால் குற்றம் தன் தலையில் அல்லவா விடியும் என்ற பயம் அவன் அன்போடு பின்னிக் கிடக்கிறது. பூவரச மரத்தடியில், மாடுகளோடு, பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் அவன் படுகிற பாடு தமிழ் நாவலில் அதற்கு முன் வராதது. குறை யாரிடம் என்பது அங்கே தெரியாது. தெரியாமையே நாவலின் உயிர்நாடி. சோதனைச் சாலைக் காகிதம் ஒன்று அவன் கையில் இருந்தால் அந்த நாவலே இல்லை.

இக்காலத்து நோயாளியின் கையில் அந்தக் காகிதம் இருக்கிறது. ஒரு மில்லி லிட்டருக்கு இத்தனை என்று எண் போட்டிருக்கிறது. ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தால் பாதகமில்லை. சிகிச்சைக்குப் பின் அதில் பூஜ்யம் என்று எழுதி வரலாம். இப்படி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உயிரோடு நடமாடுகிற மனிதனுக்கு நம்மிடம் கதை இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சினிமாவைப் பார்த்தால் போதும். 1962ல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் முத்துராமனுக்குப் புற்றுநோய். தான் இறந்தால் டாக்டரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்லுகிறான். பாருங்கள், அங்கேயும் கணவன் தன்னிடத்தில் இன்னொருவனை வைத்துவிட்டுப் போகத்தான் துடிக்கிறான்! அவன் பிழைத்து, டாக்டர் சாகிறார். பிழைத்தவன் மறுநாள் காலையில் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று படம் சொல்லவில்லை. அதன் பின் 'நீர்க்குமிழி', 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று கதாநாயகன் புற்றுநோயால் மாளுகிற படங்கள் வந்தன. இருமுவான், பாடுவான், சாவான். கண்ணீர் வரவழைக்க அது சுலபமான வழி. இவை எல்லாவற்றிலும் புற்றுநோய் ஒரு மரண ஓலையே அன்றி, ஒரு வியாதி அல்ல. இன்று விரையில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகிறது; நிணநீர்ப் புற்றுநோய்களிலும் பல குணமாகின்றன. குணமானவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். கதை மட்டும் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் ஒரு புத்தகம் உண்டு. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2000ல் வெளியிட்ட சுயசரிதம். அவர் ஊக்க மருந்து தின்று பந்தயங்களை வென்றது 2012ல் அம்பலமாகி, பட்டங்களெல்லாம் பறிபோயின. ஆகவே அந்தப் புத்தகத்தில் சைக்கிளைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் இன்று வாய் கசக்கிறது. ஆனால் 1996 அக்டோபரில் விரைப் புற்றுநோய் என்று தெரிந்த ஓரிரு நாளில், மருந்து ஏற்றுமுன் விந்தைச் சேமிப்பதற்காகப் பக்கத்து நகரத்துக்குக் காரில் போய்வந்ததை எழுதியிருக்கிறாரே, அதில் பொய் இல்லை. அத்தனை அவசரத்தில், அத்தனை அச்சத்தில், முன்பின் தெரியாத ஓர் அறையில், இன்பத்துக்கென்று ஏற்பட்ட ஒரு செய்கையைக் கடமையாகச் செய்ய வேண்டிய அவமானத்தை ஒரு பேர்பெற்ற பந்தய வீரன் ஒளிக்காமல் சொல்லுவது பெரிய காரியம். அப்படிச் சேமித்ததிலிருந்து அவருக்கு மூன்று குழந்தைகள். பிற்பாடு 2009ல் ஒரு குழந்தை இயற்கையாகவே பிறந்தது. வராது என்று நினைத்தது தானே திரும்பி வந்தது. பொய்யர் ஒருவர் எழுதிய உண்மையான அத்தியாயம் என்று இலக்கியத்தில் தனிப் பகுதியே வைக்கலாம் போலிருக்கிறது. நம் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கும் அதே இண்டியானாபோலிஸ் நகரில் 2012ல் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். 2022ல் தகப்பனார் ஆனார். எப்படி என்று கேட்பது நம் வேலையல்ல.

பிழைத்தவன் கதை இப்படி. பிழைக்காதவன் கதைக்கும் இரண்டு முடிவு உண்டு. புனாவில் ஒரு தாய், ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு மூளையில் கட்டி, சிகிச்சைக்கு முன் அங்கே சேமித்து வைத்தான், 2016ல் இறந்தான். அதைத் தருவித்து, 2018ல் அவள் இரட்டைப் பேரக் குழந்தைகளைப் பெற்றுக்கொண்டாள். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. பிரான்சில் இன்னொரு கதை. 1981ல் விரைப் புற்றுநோய் கண்ட ஓர் இளைஞர் சேமித்தார்; 1983 கடைசியில், சாவதற்கு இரண்டு நாள் முன்னால் காதலியை மணந்தார்; அவள் வழக்காடினாள். 1984ல் கிரெத்தேய் நீதிமன்றம், இது சொத்துமல்ல, சாமானுமல்ல, செத்தவருடைய எண்ணம் என்ன என்பதுதான் கேள்வி என்று சொல்லிக் கொடுக்கச் செய்தது. டில்லியும் கிரெத்தேயும் சொத்து என்ற சொல்லில் நேர் எதிராகப் பேசி, ஒரே வாசலுக்கு வந்து சேருவது வேடிக்கை. அந்தப் பெண்ணுக்குக் கரு தங்கவில்லை. பத்திரிகைகள் அவளை மறந்தன. நான் எழுதுவதானால் அவளைத்தான் எழுதுவேன்.

நம் ஊரில் எழுதுவதென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். குமராட்சியிலிருந்து புதுவை ஜிப்மருக்குப் போய் வருகிற ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயது. தகப்பனார் கூட வந்திருக்கிறார். நம் பக்கத்தில் எவன் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறான்? டாக்டர், தகப்பனாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பையனிடம் ஐந்து நிமிஷம் பேசுகிறார். திங்கட்கிழமை மருந்து ஏற்ற வேண்டும். அதற்குள் முடிவு செய்ய வேண்டும். செய்வதானால் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும், பணம் கட்ட வேண்டும். பையனுக்கு இன்னும் ஒரு பெண்ணோடு நின்று பேசிய பழக்கம்கூட இல்லை. திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். தகப்பனார், அறுவடைக்கு வாங்கிய கடன் போக மிச்சம் இவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே, "தனியா என்னடா சொன்னாரு டாக்டரு?" என்று கேட்கிறார். பஸ் கடலூரைத் தாண்டிவிட்டது. சிதம்பரம் வருவதற்குள் அவன் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.